பிரேக் ஆயிலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவில் இருக்கிறது சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு இங்கேதான் திரும்ப வேண்டும் என்பதால், ஆடி வெள்ளிகளில் இந்த ஊரைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அத்தனை கார்கள், வேன்கள். அவற்றில் சில அப்படியே போளூர் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறும். பீமன் அருவி, கோடை விழா, காவலூர் வானாய்வகம் என்று ஜவ்வாது மலைக்குப் போக இப்போது காரணங்கள் கூடிவிட்டன.

கிளம்புவதற்கு முன் எல்லோரும் பெட்ரோல் போடுகிறோம். டயரில் காற்றும் பார்க்கிறோம். போனட்டைத் திறப்பவர்கள் குறைவு. திறப்பவர்களும் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தாலும் திரவம் கெட்டுப்போயிருக்கலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல விரும்புகிறது. சமவெளியில் அந்தக் கேடு வெளியே தெரியாமலே வண்டி ஓடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது உயிர் பிரச்சினையாகிவிடும்.

இறக்கத்தின் கணக்கு

காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் கிழக்கு அடிவாரம் அதைவிடச் சுமார் 500 மீட்டர் தாழ்வு. நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 500 மீட்டரையும் இறங்கும்போது, ஏறத்தாழ 69 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். 23 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது.

காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினோ பிரேக்கோதான் தாங்க வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதில் அப்பழுக்கில்லாத இயற்பியல் இருக்கிறது. நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தச் சுமை முழுவதையும் பிரேக் டிஸ்க்குகளின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். டிஸ்க்கும் பேடும் 300 டிகிரியைத் தாண்டிச் சூடாவது இப்படித்தான். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனை ஒட்டி நிற்கும் பிரேக் ஆயிலுக்கும் போய்ச் சேரும்.

தண்ணீரைக் குடிக்கும் திரவம்

மிதியை அழுத்தினால் நான்கு சக்கரங்களிலும் ஒரே சமயத்தில் பிரேக் பிடிப்பதற்குக் காரணம் பாஸ்கல் விதி. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும். இந்த விதியைப் பயன்படுத்தி நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்து 1921-ல் வந்தது அமெரிக்காவின் டூசன்பெர்க் கார். அதற்கு வழிவகுத்தவர் மால்கம் லாக்ஹெட். ஆரம்பகாலப் பிரேக் திரவங்களில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. ரப்பர் வாஷர்களை உப்பவைக்காது என்பதால் விளக்கெண்ணெய்க்கு அந்த இடம் கிடைத்தது. நம் ஊர் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு குழைத்துப் பூசிய அதே எண்ணெய்தான்.

ஆனால் அந்தக் கலவை அதிகச் சூட்டைத் தாங்கவில்லை. அதனால் கிளைகால் ஈதர் வகைத் திரவங்கள் வந்தன. இன்று டாட் 3, டாட் 4 என்ற பெயரில் கடையில் கிடைப்பவை இவைதான். இவற்றுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. போனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா மூடியின் நுண்ணிய காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கார் ஓடினாலும் நின்றாலும் இது நிற்காது. வண்டி அதிகம் ஓடவில்லை, ஆயில் மாற்ற வேண்டாம் என்று நினைப்பது பிரேக் ஆயில் விஷயத்தில் பெரிய தவறு.

உறிஞ்சும் குணமே ஒரு விதத்தில் பாதுகாப்பும்கூட. உள்ளே வந்த ஈரம் கரையாமல் தனியாகத் தேங்கினால், தாழ்வான இடமான சக்கரத்தருகே போய் நின்று துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியிலேயே கொதித்தும் விடும். கரைந்து பரவுவதால் கேடு மெதுவாக வருகிறது. மெதுவாக வருவதால் நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரப்படி, புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 திரவம் 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்துவிட்டால் இந்த எல்லை முறையே 140, 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டப்பாவில் அளவு ஒரு சொட்டும் குறைந்திருக்காது. கொதிநிலை மட்டும் 65 முதல் 75 டிகிரி வரை சரிந்திருக்கும்.

கொதித்தால் என்ன ஆகும்? திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். சக்கரத்தருகே குழாயில் ஆவிக் குமிழி உருவானதும், நாம் மிதியில் கொடுக்கும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பிஸ்டன் நகராது. மிதி மெத்தென்று தரை வரை இறங்கும். வண்டி நிற்காது. மேலும் ஒரு விஷயம்: கார் ஓடும்போது காற்றுப் பட்டு பிரேக் ஓரளவு ஆறுகிறது. பாதி இறக்கத்தில் படம் எடுக்க ஓரமாக நிறுத்தினால் காற்றோட்டம் நின்று, டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்குள் ஊறும். நன்றாக இருந்த பிரேக், திரும்பக் கிளம்பும்போது கைவிடுவது இதனால்தான். நிறுத்திக் கிளம்பும்போது முதல் வளைவுக்கு முன்பே மிதியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஓடும்போதே அப்படி ஆகிவிட்டால் மிதியை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்து, கியரைப் படிப்படியாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பிவடத்தில் இயங்குவதால் ஆவிக் குமிழி அதைப் பாதிக்காது.

இதைத் தவிர்க்க ஆகும் செலவு மிகவும் குறைவு. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றி, ஏர் எடுத்தால் போதும். டப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். புதிய திரவம் இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும். டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. நிறம் நன்றாக இருப்பதால் ஈரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல ஒர்க்‌ஷாப்களில் ஈரம் பார்க்கும் பேனா போன்ற கருவி இருக்கிறது, அதை வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். பாதி மீந்த பழைய பாட்டிலை வாங்காதீர்கள்; திறந்த பாட்டிலும் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஏற்றத்தில் கூலன்ட்

இறக்கத்தில் பிரேக்குக்குச் சோதனை என்றால் ஏற்றத்தில் இன்ஜினுக்குச் சோதனை. பெட்ரோல் இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வேலையாக மாற்றுகிறது. மற்றதெல்லாம் சூடு. வேலூர் வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில், முதல் கியரில், ஏசியும் ஓட, மெதுவாக ஏறும் காரின் ரேடியேட்டருக்கு எதிர்காற்றும் கிடைப்பதில்லை.

கூலன்ட் என்பது எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் துருத்தடுப்பு ரசாயனங்களும் சேர்ந்தது. சரிபாதிக் கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி அந்த எல்லையை இன்னும் உயர்த்துகிறது. வெளிக்காற்றைவிட ஒரு பார் அழுத்தம் கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே கணத்தில் போய், உள்ளிருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். முழுவதும் ஆறும்வரை மூடியில் கை வைக்கவே கூடாது.

இந்தப் பகுதி கடினப் பாறை நிலம். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிவதை இங்குள்ள வீடுகளில் பார்க்கலாம். வழியில் கூலன்ட் குறைந்தது என்று அந்தத் தண்ணீரை ஊற்றினால், அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படியும். சூடு வெளியேறும் வழி அடைபடும். துருத்தடுப்பு ரசாயனம் நீர்த்துப்போய், அலுமினியப் பாகங்கள் அரிபடத் தொடங்கும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஊர் திரும்பியதும் முழுவதையும் இறக்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த சரியான கூலன்ட்டை ஊற்ற வேண்டும். ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதும் போடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு வளைவுதானே என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

டிப்ஸ்டிக் பொய் சொல்லும் இடம்

இன்ஜின் ஆயிலின் வேலை, உரசும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய படலமாக நின்று அவை தொடாமல் பார்த்துக்கொள்வது. கடையில் வாங்கும் ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், 30 என்பது 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கிறது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரின் கையேட்டில் சொன்ன எண்ணையே ஊற்றுங்கள்.

ஆயில் பார்க்க மலைச்சாலை ஓரம் உகந்த இடமில்லை. சரிவில் நிற்கும் காரின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். டிப்ஸ்டிக் கூட்டியோ குறைத்தோ காட்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் விட்டு, குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பது பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்கி, பம்ப் ஒரு கணம் காற்றை இழுக்க வாய்ப்புண்டு. மேல்கோட்டுக்கு மேலும் ஊற்றக் கூடாது. கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். டீசல் காரில் ஆயில் சீக்கிரம் கருப்பது இயல்பு. குச்சியிலும் மூடியின் அடியிலும் வெண்மை கலந்த நுரை தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்கக்கூடும்; அந்த வண்டியில் மலை ஏற வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குகிறது, அதற்கு ஆயிலே கிடையாது. கியர் ஆயிலைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றினால் போதும். சில பிஎஸ்-6 டீசல் கார்களுக்கு 32.5 விழுக்காடு யூரியா கலந்த திரவம் தனியாக ஊற்ற வேண்டும். அது தீர்ந்த பிறகு வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மலை ஏறுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள். மார்கழிப் பனிமூட்டத்துக்கு வைப்பர் தண்ணீரும் தேவை.

மண்ணில் ஊற்றாதீர்கள்

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவை உடையது, கொடிய விஷமும்கூட. ஓரத்தில் கொட்டிவிட்டால் நாயோ ஆடோ நக்கும்; சிறுநீரகம் செயலிழந்து சாகும். பழைய இன்ஜின் ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணைக்கும், கீழே எத்தனையோ கிணறுகளுக்கும் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் வருகிறது. இறக்கிய ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

காரின் ஆயில் சர்வீஸ் எப்போது என்று கேட்டால் பலரும் உடனே சொல்வார்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றால் யோசிப்பார்கள். ஒவ்வொரு மெக்கானிக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டினால் இந்தக் குழப்பம் தீரும். ஆடி வெள்ளிகளிலும் கோடை விழா நாட்களிலும் சந்தவாசலிலோ போளூரிலோ, ஈரம் பார்க்கும் கருவியோடு இரண்டு மெக்கானிக்குகளை உட்காரவைத்து ஒரு இலவசச் சோதனை முகாம் நடத்தலாம். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். ஈரம் கண்ட வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தி ஆயிலை மாற்றி அனுப்பிவிடலாம். விபத்துக்குப் பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அது பிடிக்காமல் போகுமா என்பதை மலை ஏறும் முன்பே தெரிந்துகொள்ளும் வழி நம் கையில் இருக்கிறது.