கார்ல தூங்கி எழுந்து கோல்ஃப் ஆடுறவங்க

கோல்ஃப்னு கேட்டதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. எனக்கும் அது பணக்காரங்க சமாச்சாரமாத்தான் இருந்தது. சென்னையில இருந்தவரைக்கும், நந்தனம் பக்கம் பஸ்ல போறப்ப கோல்ஃப் மைதானத்தோட மதிலைப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான் நமக்கும் அதுக்கும் சம்பந்தம்.

நியூயார்க் வந்து லாங் ஐலண்ட்ல வீடு எடுத்தப்புறம்தான், பக்கத்து அரசுப் பூங்காவுல அஞ்சு கோல்ஃப் மைதானம் இருக்குன்னு தெரிஞ்சது. பெத்பேஜ் ஸ்டேட் பார்க். மெம்பர்ஷிப்னு எதுவும் கிடையாது, காசு கட்டினா ஆடலாம். உள்மாநிலத்துக்காரங்களுக்குக் கட்டணமும் கம்மி.

கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு நிறம்தான் பேரு. பச்சை முதல்ல ஒரு தனியார் கிளப். 1930கள்ல அமெரிக்காவே வேலையில்லாம தவிச்சப்ப, அரசு அந்த இடத்தை எடுத்து, வேலை இழந்தவங்களுக்குக் கூலி கொடுத்து இன்னும் மூணு மைதானம் அமைச்சது. அதுல ஒண்ணுதான் கறுப்பு, 1936ல திறந்தாங்க.

கோல்ஃப்ல ‘லிங்க்ஸ்’னா கடலோர மணல்மேடு, மரம் கிடையாது, காத்துதான் எதிரி. பெத்பேஜ் ‘பார்க்லேண்ட்’ வகை: உள்ளடங்கின நிலம், ஓரமா மரங்கள், பச்சைப்பசேல்னு புல். கறுப்புல இதோட மேடு பள்ளமும், ஆளையே முழுங்கற மாதிரி மணல்குழிகளும் சேர்ந்துக்கும். வண்டியும் தரமாட்டாங்க, நடந்துதான் ஆகணும்.

1990கள்ல பராமரிப்பு இல்லாம மைதானம் நலிஞ்சு போயிருந்தது. அப்புறம் ரீஸ் ஜோன்ஸ்ங்கற வடிவமைப்பாளர் சம்பளமே வாங்காம புதுப்பிச்சுக் கொடுத்தார். 2002ல அங்க யு.எஸ். ஓப்பன் நடந்தது. அரசாங்க மைதானத்துல அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் தடவை. ஜெயிச்சது டைகர் வுட்ஸ்.

அதே புல்லுல நானும் ஆடலாம்னா? முன்பதிவு கிடைக்காதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பார்க்கிங்ல நம்பர் போட்ட இடங்கள் இருக்கும். ராத்திரியே காரை நிறுத்திட்டு உள்ளேயே தூங்கணும், விடியறதுக்கு முன்னாடி ஊழியர் வந்து வரிசைப்படி டோக்கன் கொடுப்பார். நம்ம ஊர் முதல் நாள் முதல் ஷோ கூட்டம்தான், விசில் மட்டும் இல்லை. எனக்குப் பக்கத்துக் கார்ல ஒரு பிளம்பர், அந்தப் பக்கம் காலேஜ் பசங்க. ஃபிளாஸ்க் காபி கைமாறுச்சு. காசு இருந்தும் அந்த வரிசையில முன்னாடி போக முடியாது பாருங்க, அதுலதான் நான் விழுந்துட்டேன்.

முதல் டீ பக்கத்துல ஒரு பலகை தொங்குது. இது ரொம்பக் கஷ்டமான மைதானம், கைதேர்ந்தவங்க மட்டும் ஆடுறது நல்லதுன்னு எச்சரிக்கை. அதைப் படிச்சுட்டுத்தான் அடிச்சேன். பந்து நேரா புதருக்குள்ள.

பதினைஞ்சாவது குழிக்கு ஏறுறப்ப என் பையில பந்தே தீர்ந்துபோச்சு. பிளம்பர் சிரிச்சுக்கிட்டே ரெண்டு எடுத்துக் கொடுத்தார். ஒண்ணு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, இன்னொண்ணு அங்க ஏதோ உயரமான புல்லுக்குள்ள கிடக்கு.