விசைப்படகின் நாடி

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. போர்ச்சுகீசியர் இவ்வூரைப் 'புதிய துறைமுகம்' என்னும் பொருள்படப் போர்ட்டோ நோவோ என்று அழைத்தனர். இதனையடுத்த அன்னங்கோயில், முடசலோடை முதலிய துறைகளிலிருந்து விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்கின்றன. கடலுக்குள் செல்வதைவிடக் கடலிலிருந்து திரும்புவதே இப்படகுகளுக்குக் கடுஞ்சோதனை. ஆற்றின் முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் கொணர்ந்து குவிக்கின்றன, ஆழம் குறைகிறது, அலைகள் அங்கே உடைந்து சீறி எழுகின்றன. அவ்விடத்தைக் கடக்கும் சில நிமிடங்களுக்குள் எந்திரம் நின்றுவிடின், படகு அலைக்குத் தன் விலாப்புறத்தைக் காட்டித் திரும்பிவிடும். அடுத்த அலை அதனைக் கவிழ்க்கவும் கூடும். படகிலுள்ளோர் உயிர், அந்நேரத்தில், கைவிரலினும் பருமன் மிகாத சில எஃகுத் துண்டுகளை நம்பியிருக்கின்றது. எந்திரத்திற்கு டீசலை அழுத்தி ஊட்டும் கருவியின் உறுப்புகளே அவை.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் பிளக்கு இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்பொழுது பம்பு சூடாவதை யாவரும் அறிவர். இங்கே சுருங்கிய காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் ஏறிவிடுகிறது. அக்காற்றில் டீசல் பனிப்புகைபோல் நுண்துளிகளாகச் சிதறி விழுந்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆயின், இறுகிக் கிடக்கும் அக்காற்றை எதிர்த்து டீசல் உள்ளே நுழைவது எங்ஙனம்? அதற்கு 200 வளிமண்டல அளவை ஒட்டிய அழுத்தம் தேவைப்படுகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்தின் காற்றழுத்தம் இரண்டு வளிமண்டல அளவே என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் நான்கு வீச்சு எந்திரத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்திற்கு 750 முறை டீசல் ஊட்டப்பெறுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு துளி அளவே செல்லும்.

இவ்வகை எந்திரத்தைக் கண்ட ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறிஞர் 1897ஆம் ஆண்டில் அதனை ஆக்சுபர்க்கு நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அவர் அழுத்தக் காற்றைக் கொண்டே எரிநெய்யை உள்ளே ஊதினார். அக்காற்றை ஆக்கித் தரும் கருவி பளுவானது. சிறு படகிலோ வண்டியிலோ அதனை ஏற்ற இயலாது. காற்றின் துணையின்றி எரிநெய்யை நேரே அழுத்தித் தரும் சிறு பம்பினை ஸ்டட்கார்ட்டு நகரத்து ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1951ஆம் ஆண்டில் பெங்களூரில் 'மைக்கோ' நிறுவனம் தோன்றியது. பின்னர் இந்தியாவிலேயே இப்பம்புகள் செய்யப்பட்டன.

பம்பின் உயிர், 'எலிமெண்ட்' என்று பணிமனைகளில் வழங்கும் இணையே. மருந்தூசிக் குழலும் அதனுள் இயங்கும் தண்டும் போன்றது அது. ஆனால் இங்கே தண்டிற்கும் குழலிற்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. தலைமயிரின் பருமன் அதனினும் இருபது மடங்கு மிகும். டீசல் கசியாதிருக்க வேறு தோலோ ரப்பரோ அங்கில்லை, இந்நெருக்கமே காவல். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட இவ்விணையில், ஒன்றன் தண்டை மற்றொன்றன் குழலில் இடலாகாது.

தண்டு கீழே இருக்கையில் குழலின் பக்கத்துளை திறந்திருக்கும்; டீசல் உட்புகுந்து நிரம்பும். தண்டு மேலெழுந்து துளையை மூடியதும் டீசலுக்குப் போக்கிடம் இல்லை. நீர்மம் காற்றைப்போல் எளிதில் சுருங்காது. ஆதலின் அழுத்தம் விரைந்து ஏறுகிறது. தண்டின் பக்கத்தே சாய்வாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டுள்ளது. அதன் விளிம்பு துளைக்கு நேரே வந்த அளவில், டீசல் பள்ளத்தின் வழியே திரும்பி ஓடுகிறது. அழுத்தம் பட்டென வீழ்கிறது. தண்டு இன்னும் மேலேறிக்கொண்டிருப்பினும் ஊட்டல் முடிந்துவிட்டது! பள்ளம் சாய்வாக இருப்பதில்தான் நுட்பம் உள்ளது. 'ராக்கு' என்னும் பல்சட்டம் தண்டைச் சிறிது திருப்பினால், பள்ளம் துளையைச் சந்திக்கும் நேரம் முந்தும் அல்லது பிந்தும்; ஊட்டும் அளவும் குறையும் அல்லது கூடும். படகின் விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் இத்திருப்பமே.

அழுத்தம் ஏறுவது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அது உடனே இறங்குவது. எலிமெண்டின் தலைமேல் உள்ள 'டெலிவரி வால்வு' மூடும்பொழுது, தன் சிறு கழுத்தினால் குழாயிலுள்ள டீசலில் ஒரு சிறிது பின்வாங்கிக்கொள்கிறது. சிலிண்டரின் தலையிலுள்ள நாசிலில், வலிய சுருள்வில் ஓர் ஊசியை அழுத்திப் பிடித்திருக்கும். டீசலின் அழுத்தம் வில்லை வென்றால் ஊசி எழும், அழுத்தம் தளர்ந்தால் சட்டென அமரும். அங்ஙனம் அமராமல் டீசல் சொட்டுமாயின், அது முற்றும் எரியாது கரும்புகையாகும். நாசில் நுனியில் கரி படியும்.

இத்தண்டும் குழலும் பந்தயச் சாலைக்கும் சென்றன. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். என்னும் விரைவுக் காரில், ஆறு சிலிண்டர்களுக்கும் பாஷ் பம்பு பெட்ரோலை நேரே ஊட்டியது. விசையை நிறுத்திய பின்னரும் எந்திரம் சுழன்று ஓயும் வரை அப்பம்பு பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருந்தது. அப்பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிச் சென்றது. 1973ஆம் ஆண்டில் போர்ஷே 911 முதலிய கார்களில் புகுந்த கே-ஜெட்ரானிக் முறையில் அழுத்தம் ஏறத்தாழ ஐந்து வளிமண்டல அளவே. ஆயினும் அங்கே வேறொரு தொல்லை: எந்திரத்தை நிறுத்தியபின் அதன் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும், மறுமுறை வண்டி கிளம்பாது. வில்லும் மென்தகடும் கொண்ட ஒரு சிறு கலம் அழுத்தத்தைச் சேமித்து வைத்து அதனைத் தடுத்தது.

படகிலோ பெரும்பகை ஆவியன்று, காற்றும் நீருமே. டீசலில் காற்றுக் குமிழி கலந்தால் தண்டு அக்குமிழியைச் சுருக்குவதிலேயே தன் வீச்சைச் செலவிட்டுவிடும், ஊசி எழாது, எந்திரம் நிற்கும். இதனை 'ஏர் லாக்' என்பர். பலநாள் கடலில் அலைந்து திரும்பும் படகின் டேங்கில் டீசல் அடிமட்டத்திற்கு வந்திருக்கும். முகத்துவார அலையில் படகு சாய்ந்தாடுங்கால், உறிஞ்சு குழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்து காற்றை இழுப்பதும் உண்டு. காற்றை நீக்க, திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி, குமிழியற்ற டீசல் வழியும் வரை காத்திருத்தல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மணற்றிட்டின்மேல் அந்நிமிடங்கள் கிடைப்பதில்லை. நீர் கலந்தாலோ தண்டும் குழலும் துருப்பிடித்து இறுகும். ஆகவேதான் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து, தங்கிய நீரை அவ்வப்போது வடிக்கின்றனர்.

நாசிலைப் பணிமனையில் கழற்றிக் கைப்பம்பில் பூட்டிச் சோதிப்பர். அளவுமானியின் முள் குறித்த எண்ணைத் தொட்டதும், குறுகுறுவென்ற ஓசையோடு டீசல் புகைபோல் பீறிடும். அப்புகைக்கு நேரே கையை நீட்டுவோர் இலர். 200 வளிமண்டல அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளியே தெரியும்; உள்ளே தசை அழுகத் தொடங்கும்; காலம் தாழ்த்தாது அறுவை மருத்துவம் செய்தாலன்றி விரலையே இழக்க நேரும்.