வாவிக்கரையில் ஒரு பேட்டை – 9: தவிட்டுக்கு அவசரம்

தன்னாமுனைப் பக்கம் உணவுத் தொழிலுக்கென்றே ஒரு கைத்தொழில் பேட்டை ஏன் வேண்டும் என்று எட்டு வாரம் எழுதியாயிற்று. திரும்பச் சொல்லப் போவதில்லை. சென்ற வாரம் ஐஸோடும் இறாலோடும் நின்றோம். இந்த வாரம் காணி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் நான்கு நாளாகத் தவிடு என்னை விடுவதாயில்லை.

நெல்மணிக்குள் எண்ணெய் ஓர் அடுக்கில் இருக்கிறது. அதைக் கெடுக்கும் நொதியம் வேறோர் அடுக்கில். மணி முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. மில்லில் அரிசி தீட்டும்போது அடுக்குகள் நொறுங்கி இரண்டும் கலக்கின்றன. அப்போதே எண்ணெய் கெடத் தொடங்கிவிடுகிறது. தவிட்டின் எடையில் 15 முதல் 20 வீதம் எண்ணெய். லொறியில் ஏற்றித் தூரத்து ஆலைக்கு அனுப்புவதற்குள் அதன் தரம் இறங்கிவிடும். தீட்டிய கையோடு நீராவி காட்டினால் நொதியம் அடங்கும், எண்ணெய் தப்பும்.

அந்த நீராவிக்கு எரிபொருள் அதே மில்லின் பின்புறத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு. உமியை எரித்தால் கொதிகலன் ஓடும். கொதிகலன் ஓடினால் தவிடு பிழைக்கும். ஒரே மணியிலிருந்து உதிர்ந்த இரண்டில் ஒன்று மற்றதைக் காப்பாற்றுகிறது! இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அம்மம்மாவுக்கு நொதியம் என்ற சொல் தெரியாது. மாட்டுக்கு வைக்குமுன் தவிட்டை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பச்சை நெல்லுத் தவிடு என்றால், "நாளைக்கு இது காறிப் போயிரும் மனே, இண்டைக்கே வெச்சிரு" என்பார். அவித்த நெல்லின் தவிட்டுக்கு அந்த அவசரம் இருந்ததில்லை. நெல் அவிக்கிற சூட்டிலேயே நொதியம் செத்துவிடுகிறது என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பேட்டை என்றால் மதிலும் கேற்றும் பத்துக் கொட்டகையும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவும். ஒன்றின் கழிவு மற்றதற்கு உதவுவதுதான் பேட்டை. டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் மின்நிலையத்தின் நீராவி மருந்து ஆலைக்குப் போகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயுவை 1972இலேயே பக்கத்துச் சுவர்ப்பலகை ஆலை வாங்கத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன், 1956இல் திறந்த நமது வாழைச்சேனைக் கடதாசி ஆலை வயலில் மிஞ்சிய வைக்கோலைக் கடதாசியாக்கியது. இந்த மண்ணுக்கு இது புதிய பாடம் இல்லை.

அதே உமிக் கொதிகலனின் நீராவி பாலையும் காய்ச்சும். எருமைத் தயிருக்குப் பேர்போன மாவட்டத்தில் பால் கூட்டுறவுகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கே ஒரு வாரம் வேண்டும்.

வீணாவது தவிடு மட்டுமல்ல. ஒரு விடியற்காலை வாவிக்கரை வாடி ஒன்றில் நின்றேன். இரண்டு பெண்கள் ஆற்று இறாலின் தலையைத் திருகி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சதை ரெஜிபோம் பெட்டியில், ஐஸ்தூளுக்கடியில். இறாலின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தலையும் ஓடும்தான். வாளி நிறைந்ததும் ஒருத்தி எழுந்துபோய்த் தண்ணீரில் கவிழ்த்தாள். அந்தத் தலைகளைக் காயவைத்து அரைத்தால் கோழித் தீவனம்; ஓட்டிலிருந்து கைட்டின் என்ற பொருளை எடுக்கலாம். பக்கத்தில் வாங்குகிற ஆலை இருந்தால் அந்த வாளிக்கு ஒரு விலை இருக்கும்.

காணியைப் பற்றி எழுத இந்த வாரம் இடம் போதவில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வாவி கடலைத் தொடுவது இரண்டு இடத்தில்தான்: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் கல்லாறும். மாரி ஓய்ந்தபின் மணல் ஏறி அவை அடைபடும். அந்த மாதங்களில் உள்ளே விட்ட அழுக்கு வெளியேற வழியில்லை. பால் கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் வாவியின் பிராணவாயுவைத் தின்றுவிடும். அதனால் அடுத்த வாரம் காணியைப் பார்க்கப் போகும்போது, முதலில் சரிவைப் பார்ப்போம்: மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று.