வாயில் அடைத்த செல்கள்

நோயைத் தரும் வைரஸையே நோய் தீர்க்கும் தூதாக அனுப்ப இயலுமா? இயலும் என்பதே மரபணுச் சிகிச்சையின் அடிப்படை. வைரஸ் பெருகுவதற்கான மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தனுப்பினால், அது செல்லுக்குள் நுழைந்து தன் சுமையை இறக்கிவைக்கும். கட்டற்ற செல்பிரிதலைத் தடுக்கும் பி53 மரபணு, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பழுதுற்றிருக்கிறது. அம்மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிய மருந்துக்குச் சீன நாடு 2003இல் ஒப்புதல் அளித்தது.

ஆயினும், தூது செல்வது வாயிலைக் கடந்தாக வேண்டுமே! அடினோவைரஸ் இருபது முகங்கள் கொண்ட புரதக்கூடு. அதன் பன்னிரண்டு முனைகளிலிருந்தும் நார்ப்புரதம் நீண்டு, நுனியில் குமிழுடன் நிற்கும். ஐந்தாம் வகை அடினோவைரஸின் குமிழ், செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பின்னர், நாரின் அடியிலுள்ள புரதம் இன்டெக்ரின் என்னும் மற்றோர் ஏற்பியைத் தொட, செல் தன் சவ்வை உட்குழித்து வைரஸை விழுங்குகிறது. முதலில் பற்றப்படும் ஏற்பி 1997இல் அடையாளம் காணப்பட்டது. காக்சாக்கி பி வைரஸ்களும் அதனையே பற்றுவதால், காக்சாக்கி, அடினோவைரஸ், ஏற்பி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை இணைத்து அதனைக் ‘கார்’ என்றனர். (காக்சாக்கி என்பது நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர்.)

இவ்வேற்பி வைரஸுக்காக அமைந்ததன்று. அண்டைச் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பதே அதன் இயல்பான பணி. இடரும் இங்குதான் தொடங்குகிறது. நோய் முற்ற முற்ற, புற்றுச்செல் அண்டைச் செல்களின் பிடியை உதறிப் பரவ முற்படுகிறது. அப்போது ‘கார்’ ஏற்பியும் குறைந்துவிடுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இது தெளிவாகக் காணப்பட்டது. மருந்து எவருக்கு மிகத் தேவையோ, அவருடைய செல்களே வாயிலை அடைத்துக்கொள்கின்றன. எல்லாப் புற்றுநோய்களும் இவ்வாறல்ல. சிலவற்றில் இவ்வேற்பி மிகுந்தும் இருக்கும். ஆகவே, ஆய்வுக்கூடத்துச் செல்களில் வென்ற மருந்து நோயாளியின் உடலில் தோற்பதும் உண்டு.

அறிவியலாளர் வைரஸின் குமிழையே மாற்றிப் பார்த்தனர். அதில் ஒரு சிறு புரதத்துண்டைச் செருகினால், அது நேரே இன்டெக்ரினைப் பற்றும். மூன்றாம் வகை அடினோவைரஸின் குமிழைப் பொருத்தினால், டெஸ்மோக்ளீன்-2 என்னும் வேறோர் ஏற்பி வழியாக நுழையும். ஆனால், இன்டெக்ரின் நலமான செல்களிலும் உண்டு. மேலும், எலிகளின் குருதியில் செலுத்தப்பட்ட வைரஸில் பெரும்பகுதியைக் கல்லீரல், ‘கார்’ ஏற்பியின் துணையின்றியே கைப்பற்றிவிடுகிறது.

சிறுநீர்ப்பைக்கு இத்தொல்லை குறைவு. மருந்தைக் குழாய் வழியே நேராகப் பைக்குள் நிரப்பலாம். இன்டர்ஃபெரான் மரபணுவைச் சுமந்த அடினோவைரஸ் மருந்து ஒன்றுக்கு அமெரிக்கா 2022 டிசம்பரில் ஒப்புதல் வழங்கியது. அதில் வைரஸின் குமிழை எவரும் மாற்றவில்லை. பையின் உட்சுவர் வைரஸை எளிதில் ஏற்கச் செய்யும் துணைப்பொருள் ஒன்றை உடன் கலந்தனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இம்மருந்து செலுத்தப்படுகிறது. ஆய்வில் கணக்கிடப்பட்ட 98 நோயாளிகளுள் 51 விழுக்காட்டினரிடம் புற்றின் அறிகுறிகள் முற்றும் மறைந்தன. அவர்களுள் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டேனும் நோய் திரும்பவில்லை.