ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

இரவு ஷிஃப்ட் முடிந்து மணவாள நகர் திரும்பும் ஒரு தொழிலாளி, திருவள்ளூர் ரயிலடியில் விட்டுப்போன பைக்கைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விட்ட இடத்தில் இல்லை. ஸ்டேஷனில் கிடைக்கும் முதல் பதில்: “நல்லாப் பாத்தியாப்பா? தெரிஞ்ச பசங்க எடுத்துட்டுப் போயிருப்பானுங்க, ரெண்டு நாள் பாரு.” நகராமல் நின்றால் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்று ஒரு சீட்டு தருவார்கள். கேஸ் கொடுத்தாச்சு என்ற நிம்மதியில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

உண்மையில் கேஸ் எதுவும் பதிவாகவில்லை. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவே. குற்ற எண் கிடையாது, நீதிமன்றத்துக்கு நகல் போகாது. பைக்குக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதுதான் உறைக்கும். அங்கே கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலை.

எஃப்.ஐ.ஆர். எழுதினால் அது மாஜிஸ்திரேட் மேஜைக்குப் போய்விடும். பிறகு கண்டுபிடிக்க வேண்டும், இல்லை ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். மேலதிகாரி நடத்தும் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் நிலுவைக்குப் பதில் சொல்ல வேண்டும். வழக்கு குறைந்தால் குற்றமே குறைந்ததாகக் கணக்குக் காட்டும் வரை பேனா தயங்கத்தான் செய்யும். ஏட்டய்யாவை மட்டும் திட்டிப் பயனில்லை. ‘திருடு போனது’ மனுவில் ‘தொலைந்துபோனது’ ஆவதும் இதனால்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடமாநிலப் பையனுக்கு வேறு யாரோ மனு எழுதும்போது, அந்த ஒரு சொல் மாறியது அவனுக்குத் தெரியவே தெரியாது.

உத்தரப் பிரதேசத்தில் 2008-இல் காணாமல்போன ஆறு வயதுச் சிறுமி லலிதா குமாரி வழக்கில், ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இன்னும் ஒன்று சேர்த்தது. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். ஒரு பக்கம் திருவள்ளூர் மாவட்டப் போலீஸ், மறுபக்கம் ஆவடி கமிஷனரேட், நடுவில் ரயில்வே போலீஸ் என்றிருக்கும் இந்தப் பகுதியில் “இது எங்க லிமிட் இல்ல” என்ற பதில் இனி செல்லாது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

ஆனால் அதே பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கும் இடம் தருகிறது. 2013-இல் சாத்திய கதவைச் சற்றே திறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டையோ, நீதிமன்ற உத்தரவின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக்கிவிட்டார்கள். பழைய செல்போன் எத்தனை ரூபாய் பெறும் என்ற பேரம் அங்கே தொடங்கும். வாங்கிய பில்லைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பதிவு செய்யாமலே விசாரிக்கவும் போலீஸுக்குத் தெரியும். 2025 ஜூனில் நகை காணாமல்போன புகாரில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் தனிப்படையால் தாக்கப்பட்டு இறந்தார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது.

ஸ்டேஷன் மறுத்தால் அதே புகாரைத் திருவள்ளூர் எஸ்.பி.க்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்ப வேண்டும். அங்கும் அசைவில்லையென்றால், பிரமாண வாக்குமூலம் இணைத்து 175(3) பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நேரே உயர் நீதிமன்றத்துக்கு ஓடினால், இந்தப் படிகளை ஏறி வாருங்கள் என்றே பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்கள், பட்டியலினத்தவர் ஆகியோரோடு ஆலைத் தொழிலாளியையும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவிக்கு உரியவராக்கியிருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100. ரயிலடியில் பைக்கைத் தேடியவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.