கூரையில் விளையும் மின்சாரமும் நான் போட்ட கணக்கும்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தபோதும் பத்தாம் வகுப்புக் கணக்கை மட்டும் வேறு எவரிடமும் விடவில்லை. அப்படிப்பட்ட நான், என் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு ஒன்று பிழையாகப் போயிற்று. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எதிலும் தவறில்லை. விடை மட்டும் பொய்த்துவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொன்னால், வீட்டுக் கூரைகளில் பதிக்கும் சூரிய ஒளித் தகடுகளின் செலவைப் பற்றி நீங்கள் அறியவேண்டியது பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நண்பர் என்னுடன் பணியாற்றித் தமிழாசிரியராக ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் புலவர் ஐயா என்றே அழைப்போம். இரண்டு பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் சேர்ந்து வாழும் பெரிய குடும்பம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கில் ஆயிரம் யூனிட் என்று கண்டிருக்கும். 2018-ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் வந்து, "ஐயா, மூன்று கிலோவாட் தகடு போட ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகுமாம். போடலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் சரி" என்றார். நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தத் தாளில் இருந்ததைப் பார்க்குமுன், தகடு தரும் மின்சாரம் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரம் தரும். மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு யூனிட். அறுபது நாளில் 720 யூனிட். ஆனால் அது முழுவதும் பகலில், அதிலும் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையே விளைவது. அந்த வேளையில் பிள்ளைகள் பள்ளியிலும் பெரியவர்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். வீட்டில் ஒரு மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியுமே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 240 யூனிட்டை, வீடு அப்போதைக்கப்போது உண்டுவிடும். மிச்சமுள்ள 480 யூனிட்டும் தெருக்கம்பி வழியாக வெளியே ஓடிவிடும். மாலையில் விளக்கும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் இயங்கும்போது தகடு உறங்கிக் கிடக்கும். அப்போது அதே கம்பி வழியாக 760 யூனிட் உள்ளே வரும். இத்தகைய வீட்டில் வைக்கும் மீட்டர், உள்ளே வந்ததைத் தனியாகவும் வெளியே போனதைத் தனியாகவும் குறித்துக்கொள்ளும்.

கேள்வி இதுதான்: வெளியே போன 480 யூனிட்டுக்கு என்ன மதிப்பு? இயற்பியலைக் கேட்டால் விடை கிடைக்காது. அந்த மதிப்பை விதிதான் தீர்மானிக்கிறது.

விதி இரண்டு வகையாக அமையலாம். அண்டை வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கினால், நெல் குற்றியதும் ஒரு படி அரிசியாகவே திருப்பித் தருகிறோம். விலைப் பேச்சே எழுவதில்லை. அதுபோல, கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் கேட்பது ஒரு முறை. இதனை நெட் மீட்டரிங் என்கிறார்கள். நாம் நிகரக் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம். மற்றொன்று கடைக்காரன் முறை. நீ கொடுக்கும் யூனிட்டை நான் ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வேன், நான் கொடுக்கும் யூனிட்டுக்கு நீ வேறு விலை தரவேண்டும் என்பது. இதில் பொருளோடு பொருளைக் கழிப்பதில்லை. பணத்தோடு பணத்தையே கழிப்பார்கள்.

2018-இல் நம் மாநிலத்தில் இருந்தது முதல் முறை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013-ஆம் ஆண்டில் அதற்கு வழி வகுத்திருந்தது. ஆண்டு முடிவில், நுகர்ந்த மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரையில் தகட்டு மின்சாரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் வரம்பு. புலவர் ஐயா வீட்டுக்கு அந்த வரம்பு குறுக்கே வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2017 முதல் 2022 வரை வழக்கிலிருந்த கட்டண அடுக்கின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட் ரூ. 3.50; 201 முதல் 500 வரை ரூ. 4.60, அதற்கு மேல் ரூ. 6.60. ஆயிரம் யூனிட்டுக்கு ரூ. 5,030 ஆகிறது. (நிலைக்கட்டணம் போன்ற சில்லறைகளை விட்டுவிடுகிறேன்.) தகடு போட்டபின் நிகரக் கணக்கில் 760-இலிருந்து 480 போக எஞ்சுவது 280 யூனிட். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு அடுக்கே வேறு: இரண்டாம் நூறுக்கு யூனிட் இரண்டு ரூபாய், அதற்கு மேல் மூன்று ரூபாய். ஆகவே கட்டணம் வெறும் ரூ. 440. மிச்சம் ரூ. 4,590. ஆண்டுக்கு ஆறு முறை; ரூ. 27,540. ஒன்றரை லட்சத்தை அதனால் வகுத்தால், போட்ட முதல் ஐந்தரை ஆண்டில் திரும்பிவிடுகிறது. தகடோ இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடியது. "தயங்காமல் போடுங்கள்" என்றேன்.

புலவர் ஐயா தயங்கத்தான் செய்தார். இளைய மகளின் திருமணம் குறுக்கிட்டது. பணம் சேர்ந்து, தகடு ஏறி, மீட்டர் மாட்டியபோது 2020-ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. முதல் கணக்குச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை; சீட்டை மேசைமேல் வைத்தார்.

நடந்தது இதுதான். 2019-ஆம் ஆண்டில் மாநிலத்தின் புதிய சூரிய ஆற்றல் கொள்கையும், அதையொட்டி மார்ச்சு மாதத்தில் ஆணையத்தின் புதிய ஆணையும் வெளிவந்திருந்தன. புதிதாக வருவோருக்கு அரிசிக் கைமாற்று முறை போய்க் கடைக்காரன் முறை வந்துவிட்டது. ஆணை மறைவாக வரவில்லை, நான்தான் பார்க்கவில்லை. வெளியே போகும் யூனிட்டின் விலையைக் கணக்குக்காக இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த 760 யூனிட்டுக்கு மேல் அடுக்கின்படி ரூ. 3,446. அதில் 480 யூனிட்டின் விலை ரூ. 960 கழிந்தால் ரூ. 2,486 கட்டவேண்டும். மிச்சம் 4,590 அன்று, 2,544 மட்டுமே. முதல் திரும்ப ஏறத்தாழப் பத்து ஆண்டு. தகடு அதேதான், வெயிலும் குறையவில்லை, யூனிட்டுகளும் முன்போலத்தான் விளைந்தன. தகட்டின் விலையில் ஒரு காசு ஏறாமலே, செலவு ஈடாகும் காலம் இரு மடங்கு ஆகிவிட்டது.

விலை இரண்டு ரூபாயாகக் குறைந்ததால் மட்டும் இது நேரவில்லை என்பதைக் கூர்ந்து பாருங்கள். முன்பு 280 யூனிட் என்று கீழ் அடுக்குக்கு இறங்கிய வீடு, இப்போது 760 என்று மேல் அடுக்கிலேயே நின்றுவிட்டது. இரண்டு காரணங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. சிறிய குடும்பத்துக்கு இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது. ஐயமுள்ளவர்கள் 700 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள், வியப்படைவீர்கள்.

விதியை ஏன் மாற்றுகிறார்கள்? வஞ்சம் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. இந்தச் சிக்கலை முழு அளவில் கண்ட இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே நிகரக் கணக்கு முறைக்கான சட்டம் 1995-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கூரைகள் விரைவாக நிறைந்தன. வெயில் மிகுந்த நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மேல் பெருகியது. பொழுது சாய்ந்ததும் தகடுகள் ஓய, வீட்டு விளக்குகள் எரிய, மற்ற மின்நிலையங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு உற்பத்தியை ஏற்றவேண்டியிருந்தது. அம்மாநிலத்து மின்வலை நிர்வாகம் 2013-இல் இதனை ஒரு வரைபடமாக வரைந்து காட்டியது. நடுப்பகலில் தொங்கும் வயிறும் மாலையில் நிமிரும் கழுத்துமாக அது ஒரு வாத்தைப் போலிருந்ததால், வாத்துக்கோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் களத்து நெல்லுக்கு என்ன விலை, ஆறு மாதம் கழித்து என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும். நண்பகல் யூனிட் அறுவடைக் காலத்து நெல். மாலை யூனிட் பஞ்ச காலத்து நெல். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைச் சரிக்குச் சரி வாங்கிக்கொள்வது எத்தனை நாளைக்கு நடக்கும்?

இன்னொரு வாதமும் எழுந்தது. கம்பி, கம்பம், மின்மாற்றி, பழுதுபார்க்கும் ஆட்கள் ஆகியவற்றின் செலவெல்லாம் யூனிட் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தகடு வைத்தவர் கட்டணம் கட்டாமல் விலகினால், அந்தச் செலவு கூரையில்லாதவர்மேல், வாடகை வீட்டுக்காரர்மேல் விழுகிறது என்றார்கள். தகடு வைத்தவர்கள் இதை ஒப்பவில்லை. எங்கள் மின்சாரம் அடுத்த வீட்டிலேயே செலவாகிறது, தொலைவிலிருந்து கொண்டுவரும் கம்பிச் செலவு மிச்சமாகிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

2016-இல் கலிபோர்னியா ஆணையம் விதியைச் சற்றே இறுக்கியது. நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்தைத் தகடு வைப்போருக்குக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பரில் பெரிய மாற்றத்தை அறிவித்தது. 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பிப்போருக்கு, வெளியே போகும் யூனிட்டின் மதிப்பு முன்பு கிடைத்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த நாளுக்கு முன் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பிறகு புதிய விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்தன. புதிதாகப் போட்டவர்களில் பலர் தகட்டோடு மின்கலமும் சேர்த்து வாங்கினர். பகல் விளைச்சலைக் குதிரில் கொட்டி வைத்து மாலையில் எடுத்துண்ண அது வழி. ஆனால் குதிருக்கும் விலை உண்டல்லவா? முதலீடு கூடிவிடுகிறது. போதாக்குறைக்கு, வீட்டுத் தகடு வாங்குவோருக்கு அந்நாட்டு மைய அரசு செலவில் நூற்றுக்கு முப்பது அளித்துவந்த வரிச் சலுகையும் 2025-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டது.

ஒன்றை மட்டும் அவர்கள் செம்மையாகச் செய்தார்கள். பழைய விதியின்கீழ்த் தகடு போட்டவர்களுக்கு, போட்ட நாளிலிருந்து இருபது ஆண்டு வரை பழைய கணக்கே செல்லும் என்று வைத்தார்கள். விதியை மாற்ற அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் முன்பிருந்த விதியை நம்பித் தன் சேமிப்பைக் கூரைமேல் ஏற்றியவனை இடைவழியில் கைவிடக்கூடாது.

நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். 2021 அக்டோபரில் ஆணையம் மறுபடி ஓர் ஆணை பிறப்பித்து, வீடுகளுக்கு நிகரக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. கம்பிவலையைப் பயன்படுத்துவதற்கென ஒரு கட்டணத்தையும் சேர்த்தது. 2022 செப்டம்பரில் கட்டண அடுக்குகளும் ஏறின. 2024 பிப்ரவரியில் மைய அரசு தொடங்கிய திட்டத்தில் மூன்று கிலோவாட் தகட்டுக்கு ரூ. 78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் என் பழைய தாளின் ஏதேனும் ஒரு வரியை அடித்துத் திருத்துகின்றன.

புலவர் ஐயா வீட்டுக் கதையை முடிக்கவில்லையே. அந்த முதல் சீட்டைப் பார்த்தபின் நாங்கள் இருவரும் அமர்ந்து வேறு கணக்குப் போட்டோம். வெளியே போகும் யூனிட் இரண்டு ரூபாய், உள்ளே வரும் கடைசி யூனிட் ரூ. 6.60 என்றால், கூடியவரை வெளியே விடாமல் வீட்டிலேயே உண்பதுதானே யுக்தி? கிணற்று மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றையும் நண்பகலுக்கு மாற்றச் சொன்னேன். வீட்டில் உண்ணும் பங்கு 240-இலிருந்து 400 ஆனால், வெளியே போவது 320, உள்ளே வருவது 600. கட்டணம் ரூ. 1,750, முதல் திரும்ப ஏழரை ஆண்டுக்குச் சற்று மேல். ஏழரை என்றதும் புலவர் ஐயா, "சனி பகவான் கணக்கல்லவா இது!" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதிய ஆணை வந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று மாலை அவரே வந்தார். "ஐயா, மறுபடி மாற்றிவிட்டார்களாமே, தாளை எடுங்கள்" என்றார். எடுத்தேன். இம்முறை எண்களை எழுதுமுன், தாளின் தலைப்பில் அன்றைய தேதியையும் ஆணையின் ஆண்டையும் எழுதி அடிக்கோடிட்டேன். அவர் வீட்டில் மட்டும், எந்த விதி வந்தாலும், இட்லிக்கு மாவு இன்றும் உச்சிவேளையில்தான் அரைபடுகிறது.