உறங்கும் செயலியை எழுப்புவது எது?

தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சற்றே கண்ணயர்கிறார். தலைமாட்டுக் கடிகாரத்தின் மணியே அவரை எழுப்பிவிடும். ஆனால் அந்தக் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டு அயர்ந்து உறங்கினால், ஆலைச் சங்கு ஊதினால்தான் விழிப்பார். கணினியின் செயலிக்கும் இதே நிலைமைதான், நேயர்களே.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளத்திலும் நம் குழந்தைகள் தமிழ்வழியில் பயிலும் பள்ளிகள் உண்டு. 2018இல் கேரள அரசு தொடங்கிய திட்டம், 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி முதலிய சாதனங்களை வழங்குவதாகும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறைமையே கேரளப் பள்ளிக் கணினிகளில் பயன்படுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால், மடிக்கணினிக்கு அதன் மின்கலமே துணை. அம்மின்கலத்தைக் காப்பதில் செயலியின் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஓர் எழுத்தை அழுத்தி அடுத்ததை அழுத்துமுன், செயலி பெரும்பாலும் வேலையின்றி இருக்கிறது. அவ்விடைவெளியில் அது உறங்கலாம். உறக்கத்துக்குப் படிகள் உண்டு. சி-1 என்பது இலேசான உறக்கம்; விழிப்பது எளிது, மிச்சம் குறைவு. சி-3 முதலான ஆழ்ந்த படிகளில் மிச்சம் அதிகம். விழிக்க நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் வேலை இல்லாதபோதும் விநாடிக்கு 100 முதல் 1000 முறை வரை டைமர் செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. 2007இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.21, அடுத்த வேலை வரும் நேரத்துக்கு மட்டும் மணி வைக்கும் முறையைக் கொணர்ந்தது.

எந்தக் கடிகாரத்தில் மணி வைப்பது? செயலியின் ஒவ்வொரு கோருக்கும் சொந்த டைமர் உண்டு. அதை விரைவில் அமைக்கலாம். எனினும் பழைய இன்டெல் செயலிகள் பலவற்றில் சி-3 உறக்கத்தில் அதுவும் நின்றுவிடும். ஆகவே இயக்க முறைமை, கோர் உறங்குமுன் அதன் விழிப்பு நேரத்தை எச்.பி.ஈ.டி. போன்ற பொது டைமரிடம் ஒப்படைக்கிறது. எல்லாக் கோர்களின் நேரங்களுள் முந்தியது எதுவோ, அந்நேரத்துக்கு அது ஒலிக்கும்; முதலில் விழித்த கோர் உரிய மற்றவற்றை எழுப்பும். பொதுச் சங்கு ஆதலால் அமைக்கச் சற்றுத் தாமதமாகும். பின்னர் வந்த செயலிகளிலோ ஆழ்ந்த உறக்கத்திலும் நிற்காத சொந்த டைமர் அமைந்தது.

நின்றுபோகும் டைமரை நம்பினால் விளைவு என்ன? திரை அசையாது நிற்கும்; மாணவன் விசையை அழுத்தினால் மட்டும் நகரும். யந்திரம் பழுதென்று ஒதுக்கிவிடத் தோன்றும். குற்றம் யந்திரத்தில் அன்று, தேர்விலே.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய நம் நாட்டுச் செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்தவை. அவ்வகையில், டைமர் செயலியை எழுப்ப இயலாததாயின், அதனை வன்பொருள் விவரத்திலேயே குறித்துவிட லினக்ஸில் வழி உண்டு. அமைப்போர் உண்மையைக் குறித்துவைத்தால் இயக்க முறைமை தக்க டைமரைத் தேர்ந்துகொள்ளும். அத்தகைய டைமர் இல்லையேல் இலேசான உறக்கத்தோடு நிற்கும். எழுப்ப ஆளிருந்தால் அல்லவோ நிம்மதியாக உறங்கலாம்!